மரத்தளத்துக்கு எண்ணெய் பூசிய சனிக்கிழமை

1

இவர் விழுந்து, போன கிழமையோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இவர் சுகமாக இருக்கிறார். ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்பவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். அப்போதுதான் மிச்சக் கதையைப் பதறாமல் கேட்பார்கள்.

நாங்கள் இருப்பது பேர்ண் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில், ஒரு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில். கீழ்த்தளம் என்பதால் வீட்டின் பின்பக்கம் ஒரு துண்டுப் புல்தரையும், கதவிலிருந்து புல்தரை வரைக்கும் பலகைகள் அடித்த ஒரு மரத்தளமும் எங்கள் பாவனைக்கு உண்டு. இங்கே அதை டெராஸ் என்பார்கள். கோடையில் கதிரை போட்டு இருக்கலாம், உடுப்புக் காயவிடலாம். ஆனால் வடக்குப் பார்த்த தளம். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கும் செடிவேலியின் நிழல் கதவடி மூலையை விட்டு விலகுவதே இல்லை.

இவர் என்றால் என் கணவர் குலேந்திரன். முதியோர் இல்லங்களுக்குத் தோய்த்த விரிப்புகளும் துவாய்களும் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓட்டுநர். நான் மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளுக்கான தட்டுகள் அடுக்குகிறேன். ஒரே பிள்ளை ஆரணி, பாசலில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள், அங்கேயே தனியாக இருக்கிறாள்.

அன்று பின்னேரம் வானொலியில் உறைபனி வரும் என்றார்கள். எங்கள் கறிவேப்பிலை ஒரு பெரிய சாடியில் டெராசில் நின்றது. உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகிப் போகும். இவர் அதை உள்ளே இழுத்து வைக்கப் போனார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மூட்டையைப் போட்டது போலச் சத்தம் கேட்டது. "என்ன அது?" என்று கேட்டேன். மறுமொழி வரவில்லை. போய்ப் பார்த்தபோது மல்லாக்கக் கிடந்தார். கதவடிக் கல்லின் விளிம்பில் பின்தலை அடிபட்டிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சாடி நிமிர்ந்தபடியே நின்றது.

2

மண்டைக்குள் இடது பக்கமாக இரத்தம் கசிந்திருந்தது. மொழி இருக்கும் பக்கம் அது என்று வைத்தியர் ஒரு படத்தில் விரலை வைத்துக் காட்டினார். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்ல அவர்களுக்குச் சில நாள் எடுத்தது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கண் விழித்ததும் தாதிமார் வந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ஹெர் கந்தையா, உங்கள் பெயர் என்ன?"

இவர் மெதுவாக, "குலேந்திரன்" என்பார்.

தாதி கட்டிலடியில் இருந்த தாளில் எதையோ எழுதிக்கொண்டு போவாள். பின்னேரம் இன்னொருத்தி வருவாள், அதே கேள்வி, அதே மறுமொழி. நோயாளிக்குத் தன் பெயரே தெரியவில்லை, குழப்பத்தில் இருக்கிறார் என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியவந்தது வைத்தியர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தபோதுதான்.

கந்தையா என்பது என் மாமனாரின் பெயர். இவர் அகதியாகப் பதிந்த நாளில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தகப்பன் பெயர் ஏறிவிட்டது. அன்றிலிருந்து இந்த நாட்டில் இவர் ஹெர் கந்தையா, அதாவது திருவாளர் கந்தையா. மாமா கொழும்புக்கே இரண்டு தரம்தான் போனவர். அவருடைய பெயரில்தான் இங்கே இவர் வரி கட்டுகிறார், பல் பிடுங்குகிறார், அண்டை அயலுக்கு வணக்கம் சொல்கிறார். இதை என் ஜெர்மனில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் வைத்தியர், "அப்படியென்றால் அவர் தொடக்கத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்றார். இவர் விழுந்த பிறகு அன்றுதான் முதல் தடவை நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் பெயருக்கு அப்பால் அதிகம் இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். கரண்டியைக் காட்டினால் கதவுத் திறப்பு என்றார். வந்த சொற்கள் எல்லாம் தமிழ். ஜெர்மன் ஒரு சொல்லும் இல்லை. முப்பது வருடமாகச் சேர்த்தது துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த இளம்பெண், வருகிற மொழியிலேயே வீட்டார் கதைக்க வேண்டும், மற்றது பின்னால் வரும் என்றாள்.

ஆரணி தமிழில் கதைப்பதை விட்டுப் பல வருடமாகியிருந்தது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இந்த நாட்டு ஜெர்மனில் மறுமொழி சொல்வாள். நாங்களும் பழகிவிட்டோம். தொலைபேசி எடுப்பதும் குறைந்துகொண்டே வந்தது. இப்போது ஒவ்வொரு சனியும் ஞாயிறும் பாசலிலிருந்து ரெயில் ஏறி வந்து, தகப்பனின் கட்டிலருகில் இருந்து தமிழில் சொல் தேடினாள். இரண்டு பேருக்கும் சொல் வராது. இரண்டு பேரும் ஒரே சொல்லைத் தேடுவார்கள்.

ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியைத் தொட்டு, "அப்பா, இழுத்துத் திறக்கிறது, இதுக்கு என்ன பெயர்? எனக்கும் தெரியேல்லை" என்றாள்.

இவர் கண்ணை மூடினார். வாய் இரண்டு மூன்று தரம் அசைந்தது. "லா" என்றார். பிறகு, "லாச்சி."

"லாச்சி" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "லாச்சி. சரி, அப்பா. இனி எனக்கும் தெரியும்."

3

நடக்கத் தொடங்கினார், சொற்களும் ஒவ்வொன்றாக வந்தன. பனிக்காலம் பாதி போவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் எல்லா அலுவலகங்களிலும் ஒரே கேள்வி எங்களுக்கு முன்னால் நின்றது: வழுக்கினாரா, மயங்கினாரா?

விபத்துக் காப்புறுதியில் இருந்து ஒரு பெண் தொலைபேசியில் கேட்டாள். வைத்தியர் கேட்டார். வாகன அனுமதி கொடுக்கும் அலுவலகம் எழுத்தில் கேட்டது. வழுக்கி விழுந்தவர் என்றால், காயம் ஆறினதும் பரிசோதித்துவிட்டு வான் ஓட்ட விடுவார்கள். மயங்கி விழுந்தவர் என்றால், ஏன் மயங்கினார் என்று கண்டுபிடிக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது. அதுவரை அனுமதிப்பத்திரம் அவர்களிடம்.

விழுந்த அன்று பின்னேரம் முழுதும் இவருடைய நினைவில் இல்லை. காலையில் வேலைக்குப் போனது தெரியும். அதற்குப் பிறகு மருத்துவமனைக் கூரைதான். வைத்தியர்கள் நெஞ்சுத் தோலுக்குக் கீழே ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். இதயத் துடிப்பு எப்போதாவது தப்பினால் அது பதிந்து வைக்குமாம்.

காப்புறுதிப் பெண் என்னிடம் கேட்டபோது, "நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது" என்றேன். பக்கத்தில் நின்ற ஆரணிக்குக் கோபம் வந்துவிட்டது. தொலைபேசியை வைத்ததும், "ஏன் அம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்? வழுக்கினது எண்டு சொன்னால் முடிஞ்சுது தானே. பலகை முழுக்கப் பாசி. ஆர் கேக்கப் போகினம்?" என்றாள்.

"நான் காணேல்லைப் பிள்ளை. கண்டனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்பா ரோட்டில இல்லாமல் இருக்கமாட்டார். உங்களுக்கு அது தெரியும்."

தெரியும். இந்த மனிதர் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் மினிபஸ் ஓட்டியவர். இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு என்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கக் கக்கக் கோப்பாய்க்கும் சாவகச்சேரிக்கும் போய்வந்தவர். இங்கே வந்து பல வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஆனால் அந்த வருடங்களில் இவர் சிரித்த படம் ஒன்றும் எங்கள் அல்பத்தில் இல்லை. வான் கிடைத்த பிறகுதான் வீட்டுக்கு வந்து கதை சொல்லத் தொடங்கினார். எந்த இல்லத்தில் எந்தக் கிழவி இவருக்காக ஜன்னலடியில் நிற்பாள், எந்த மலைப்பாதையில் பனி முதலில் உருகும், எல்லாம் சொல்வார்.

அதனால் ஆரணி சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் உண்மையில் மயங்கித்தான் விழுந்திருந்தால்? ஒருநாள் காலையில், பள்ளிக்கூடம் ஒன்றுக்கு முன்னால், கையில் ஸ்டியரிங்கோடு இவருக்குக் கண் இருண்டால்? அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் என்னோடு வைத்துக்கொண்டு திரிந்தேன். குளியலறைக்குப் போனால் வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன். தொலைக்காட்சிக்கு முன்னால் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், "இஞ்சாருங்கோ" என்று சும்மா கூப்பிட்டேன். "என்ன?" என்பார். "ஒண்டுமில்லை" என்பேன். ஒருநாள், "வசந்தி, நீர் என்னைக் காவல் காக்கிற மாதிரிப் பார்க்கிறீர்" என்றார். அப்போது இருவரும் சிரித்தோம். ஆனால் நான் விடவில்லை.

4

வசந்தம் வந்ததும் ஆரணி, அந்தப் பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுச் சீமெந்துக் கல் பதிப்போம் என்றாள். எனக்கும் அதுதான் விருப்பம். அந்தக் கதவை நான் பனிக்காலம் முழுதும் திறக்கவே இல்லை. குடியிருப்பு நிர்வாகத்திடம் கேட்டோம். தளம் கட்டடத்துக்குச் சொந்தம், கழற்ற முடியாது, பராமரிப்பு மட்டும் குடியிருப்பவரின் பொறுப்பு என்று மறுமொழி வந்தது.

"அப்ப பராமரிப்பம்" என்றார் இவர். அந்தச் சொல்லைத் தடுக்காமல் முழுதாகச் சொன்னதில் அவருக்கே சந்தோஷம். கடைக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்தார். முதலில் தூரிகை போட்டு உரஞ்சிப் பாசியை எடுக்க வேண்டும். நன்றாகக் காயவிட வேண்டும். சிலும்புகள் போகும்படி மெஷினால் தேய்க்க வேண்டும். பிறகு எண்ணெய் பூச வேண்டும்.

"எண்ணெயோ?" என்றேன். "விழுந்தது காணாதெண்டு எண்ணெயும் பூசப்போறியளோ?"

உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். நிலத்தில் எண்ணெய் சிந்தினால் ஓடிப்போய்ச் சாம்பலைத் தூவும் ஆட்கள் நாங்கள். ஊரில் மாரிமழைக்குக் கிணற்றடி பாசி பிடித்தால் செங்கல் துண்டால் உரஞ்சிக் கழுவுவோம், அவ்வளவுதான். சீமெந்துக்கு வேறென்ன வேண்டும். மரம் அப்படியில்லை என்று இவர் எனக்கு விளங்கப்படுத்தினார். சொல் வராத இடத்தில் கையால் காட்டினார். எண்ணெய் மேலே நிற்பதற்கில்லை, உள்ளே போவதற்கு. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் இறங்காது. தண்ணீர் இறங்காத மரம் கெதியாகக் காயும். காய்ந்த மரத்தில் பாசி பிடிக்காது. பூசிக் கொஞ்ச நேரத்தால் மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிட வேண்டும், துடைக்காமல் விட்டால்தான் ஒட்டும், வழுக்கும்.

இவ்வளவையும் இவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோதுதான் நான் சம்மதித்தேன். எண்ணெயைப் பற்றி எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு கதைத்தாரே என்றுதான் சம்மதித்தேன்.

அந்தக் கிழமையே உரஞ்சினோம். இவர் வாளியில் கரைத்த சலவைச் சோடாவை ஊற்ற, நான் நீளத் தடி பூட்டிய தூரிகையால் தேய்த்தேன். பச்சைத் தண்ணீர் புல்லுக்குள் ஓடியது. கதவடி மூலையில்தான் பாசி தடிப்பாக இருந்தது. அந்த இடத்தை இவரைக் கிட்ட வரவிடாமல் நானே தேய்த்தேன். காய்ந்த பிறகு பார்த்தால், சாம்பல் நிறப் பலகைக்குள் இருந்து மஞ்சளாக மரம் வெளியே வந்திருந்தது.

5

தேய்க்கும் மெஷினை ஆரணி பாசலில் சிநேகிதப் பிள்ளை ஒருத்தியிடம் இரவல் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலை வந்தாள். மெஷின் சத்தம் போடும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். இங்கே அது மரியாதை. செடிவேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஃபிராவ் கெர்பர். முதியோர் இல்லத்தில் இரவுத் தாதி, பகலில்தான் நித்திரை. இவருடைய பேச்சுப் பயிற்சிக்காரி, நாளுக்கு ஒருவரோடாவது தனியாக ஜெர்மனில் கதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஆகவே என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமையே இவர் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"நல்ல விஷயம் எண்டு சொன்னவ. நல்ல காத்து வரும், உங்களுக்கு நல்லது எண்டவ."

எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை ஆரணி மெஷினைப் போட்டுச் சில நிமிடத்தில் ஃபிராவ் கெர்பரின் ஜன்னல் திறந்தது. கலைந்த தலையோடு எட்டிப் பார்த்தார். ஆரணி மெஷினை நிறுத்தினாள்.

"ஹெர் கந்தையா, இன்றைக்கு இங்கே நித்திரை கொள்ளப் போவதாக அல்லவா சொன்னீர்கள்?"

எல்லோரும் இவரைப் பார்த்தோம். இவர், "ஓம், மெஷினோடை" என்று தமிழிலேயே சொன்னார்.

"மெஷினோடு நித்திரை கொள்ளப் போகிறேன் என்றீர்கள். நான் நினைத்தேன், குறட்டைக்காரருக்குக் கொடுப்பார்களே, மூச்சுவிடும் மெஷின், அதை வைத்தியர் தந்திருக்கிறாராக்கும் என்று. வெளிக்காற்றில் படுப்பது நல்லது என்றும் சொன்னேனே."

ஜெர்மனில் தேய்ப்பதற்கு ஷ்லைஃபன். நித்திரை கொள்வதற்கு ஷ்லாஃபன். இவர் ஒன்றுக்கு மற்றதைச் சொல்லியிருக்கிறார்.

மறுபடி சொற்கள் மாறத் தொடங்கிவிட்டனவா? கரண்டியைத் திறப்பு என்ற நாட்கள் என் முன்னால் வந்து நின்றன. ஆனால் ஆரணி மெஷினை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது இப்ப வந்ததில்லை. அப்பா எப்பவும் இப்பிடித்தான் சொல்லுறவர். ரெஸ்டோரண்டில கத்தி தீட்டுறதுக்கும் இதே சொல் தானே. கத்தியை நித்திரையாக்கவோ எண்டு அப்பா கேக்க, அந்தக் குசினிக்காரன் கத்தியைத் துவாயில சுத்தி, குட் நைட் சொன்னவன். அப்பாதான் எனக்குச் சின்னனில சொன்னவர்."

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. முப்பது வருடப் பிழை. இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் பிடித்து இன்றுவரை திருந்தாத பிழை. தலையில் அடிபட்டு, ஜெர்மன் முழுதும் அழிந்து, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தபோது, அந்தப் பிழையும் தன் இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. ஃபிராவ் கெர்பர் பதறிப்போய், "நான் கோபிக்கவில்லை, கோபிக்கவில்லை" என்று ஜன்னலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி நித்திரை வராது, நீங்கள் செய்யுங்கள் என்றவர், ஒரு கோப்பிக் கோப்பையோடு வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் மெஷின் போடக்கூடாத நேரத்தில் சோறு சாப்பிட்டோம். பிறகு ஆரணி எண்ணெய்த் தகரத்தில் எழுதியிருந்ததை எங்களுக்குத் தமிழில் சொன்னாள். வெயில் படும்போது பூசக்கூடாது. மெல்லிசாக, மரத்தின் ரேகையோடு பூச வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி எறிந்தால் தானாகவே நெருப்புப் பற்றும், ஆகவே தண்ணீரில் போட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை நாங்கள் நம்பவில்லை. ஃபிராவ் கெர்பர் வேலிக்கு மேலால், "உண்மைதான்" என்றார். ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து புல்லில் வைத்து, அதன் பக்கத்திலேயே நின்றேன்.

இவர் புல்தரைப் பக்கத்திலிருந்து தொடங்கினார். குந்தியிருந்து, பலகை பலகையாகப் பூசிக்கொண்டு, கதவை நோக்கிப் பின்னால் பின்னால் வந்தார். ஆரணி புல்லில் நின்றபடி மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எட்டாத இடத்துக்கு இரண்டு பலகைத் துண்டுகளைப் போட்டு அதன் மேல் முழங்கால் ஊன்றினாள். மரம் தேன் நிறமாகிக்கொண்டு வந்தது. பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

கதவடி மூலைக்கு வந்ததும் இவர் நிறுத்தினார். தூரிகை கையில் அப்படியே நின்றது. தலை குனிந்திருந்தது. அசையவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றேன்.

தூரிகையிலிருந்து எண்ணெய் பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா?" என்றாள் ஆரணி.

நான் எண்ணெய் பூசிய பலகை என்றும் பாராமல் காலை வைக்கப் போனேன். அப்போது இவர் ஒரு கையை உயர்த்தி, பொறுங்கோ என்று காட்டினார்.

"இப்பிடித்தான் வந்தனான்" என்றார். "பின்னுக்குப் பின்னுக்கு. ரெண்டு கையாலும் சாடியைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு."

தலையைத் திருப்பித் தன் காலடியைப் பார்த்தார்.

"இதிலதான் இடது கால் போனது. முன்னுக்கு வழுக்கிப் போச்சுது. செருப்புக் கழண்டு பறந்தது. நான் பார்த்தனான். அந்தா, அந்த வேலிக்கு மேலால போனது. சாடியை விட்டுக் கதவைப் பிடிச்சிருக்கலாம். கொப்பு முறிஞ்சிடும் எண்டு விடேல்லை." சொல் தட்டுப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார். "நீர் குசினியில இருந்து என்னவோ கேட்டனீர். மறுமொழி சொல்ல வாய் வரேல்லை."

ஆரணி வேலியைப் பார்த்தாள். பிறகு ஃபிராவ் கெர்பருக்கு ஜெர்மனில், அப்பா விழுந்த நாளில் உங்கள் பக்கம் ஏதாவது வந்து விழுந்ததா என்று கேட்டாள். செருப்பு என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

ஃபிராவ் கெர்பர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரு செருப்பு" என்றார். "கறுப்பு, ஆண்களுடையது. பனி உருகிய பிறகு என் லவெண்டர்ச் செடிக்குள் கிடந்தது. நரி கொண்டுவந்ததாக்கும் என்று குப்பையில் போட்டேன். இந்த ஊர் நரிகள் அப்படித்தான். இடது காலா வலது காலா என்று தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்."

மருத்துவமனையில் தந்த பையில் ஒரு செருப்புத்தான் இருந்தது. மற்றது அம்புலன்சில் விழுந்திருக்கும் என்று நினைத்து நான் அதையும் எறிந்துவிட்டேன். அதன் பிறகு அதை நினைத்ததே இல்லை. இவருக்கு அதைப் பற்றி யாரும் சொன்னதும் இல்லை.

ஆரணி எண்ணெய்த் துணியோடு வந்து தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். இவருடைய சேட்டின் முதுகில் ஐந்து விரலும் அப்படியே பதிந்தன. நான் புல்லிலேயே இருந்துவிட்டேன். மயக்கம் இல்லை. கண் இருளவில்லை. செருப்புப் பறப்பதைப் பார்த்துக்கொண்டு, கறிவேப்பிலைக் கொப்பு முறியக்கூடாது என்று யோசித்துக்கொண்டு, முழுப் புத்தியோடு விழுந்திருக்கிறார்.

"அம்மா, இப்ப சொல்லலாம் தானே?" என்றாள் ஆரணி.

"இப்ப அப்பாவே சொல்லட்டும்" என்றேன்.

மிச்ச மூலையையும் இவர்தான் பூசினார். வேலை முடிந்ததும் ஆரணி மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னேர ரெயிலுக்குப் புறப்பட்டாள். தகப்பனுக்கு ஜெர்மன் திரும்பி வரத் தொடங்கியதிலிருந்து அவளும் மெல்ல மெல்ல ஜெர்மனுக்குத் திரும்பியிருந்தாள். வாசலில் நின்று, "ச்சூஸ், அப்பா" என்று ஜெர்மனில் விடைபெற்றாள். முன்பென்றால் எனக்குள் ஏதோ குறையும். அன்று குறையவில்லை. தேவைப்பட்ட நேரம் அவளிடம் தமிழ் இருந்தது. இனித் தேவைப்பட்டாலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

6

நரம்பு வைத்தியரிடம் இவர் தானே ஜெர்மனில் சொன்னார். இந்த முறை நானும் பக்கத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. வைத்தியர் அவசரப்படாமல் கேட்டார். நெஞ்சுக் கருவியின் பதிவில் அதுவரை ஒரு தப்பிய துடிப்பும் இல்லை என்றார். மயங்கி விழுபவர்களுக்கு விழும் கணம் ஞாபகத்தில் இருப்பது அரிது, விழுந்ததை இவ்வளவு ஒழுங்காகச் சொல்வது நல்ல அறிகுறி என்றார். ஃபிராவ் கெர்பரும், தானாகவே, செருப்பைப் பற்றி இரண்டு வரி எழுதி, கையெழுத்து வைத்துத் தந்தார். இந்த நாட்டில் ஒரு விஷயத்துக்கு இரண்டாவது ஆள் கையெழுத்து வைத்தால் அதன் நடையே மாறிவிடும்.

பிறகும் அலுவலகங்கள் தங்கள் வேகத்தில்தான் நகர்ந்தன. கணினிக்கு முன்னால் இருத்திக் கை வேகம் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு என்று பொத்தான் அமத்தச் சொன்னார்கள். கடைசியாக ஓர் அதிகாரி பக்கத்தில் இருக்க நகரத்துக்குள் வண்டி ஓட்ட வேண்டும். இவர் ஓட்டிவிட்டு வந்து சொன்னார்: "பாவம் அந்த மனுசன், எனக்குப் பயத்தில பிரேக் பிடிக்கிற மாதிரிக் காலை அமத்திக்கொண்டிருந்தவர். மண்ணெண்ணெயில ஓட்டின கதையைச் சொன்னன். பிறகு சிரிச்சுக்கொண்டு வந்தவர்."

கோடை முடியுமுன் அனுமதிப்பத்திரம் வந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நான் லீவு எடுத்து மணிக்கூட்டைப் பார்த்தபடி வீட்டில் இருந்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டாம் கிழமை அரைவாசி ஓடியது. டெராசில் நாங்கள் தேநீர் குடிக்கத் தொடங்கினோம். மழைக்குப் பிறகு பலகை கெதியாகக் காய்கிறது. மூலையை நான் இப்போதும் காலால் தட்டிப் பார்த்துத்தான் மிதிக்கிறேன். அடுத்த வசந்தத்தில் மறுபடி பூச வேண்டுமாம். பூசுவோம்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் கனடாவில் இருக்கும் என் தங்கச்சியோடு தொலைபேசியில் இருந்தேன். அவளுடைய மகளுக்குக் கலியாணம். எந்த மண்டபம், எத்தனை கறி, மாப்பிள்ளை வீட்டார் எப்படி என்று கதை நீண்டுகொண்டு போனது. ஒரு கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். வாசல் கதவு திறந்தது. இவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "பசிக்குது" என்றார்.

நான் திரும்பிப் பார்த்து, "என்ன, இண்டைக்குக் கெதியா வந்திட்டியள்?" என்று கேட்டேன்.

இவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கெதியாவோ? துன்னுக்குப் போற ரோட்டில வேலை நடக்குது. ஒரு மணித்தியாலம் பிந்தி வந்து நிக்கிறன்."